அவளுக்கு வயசாச்சு, அவளையே கேளுங்க

பிப்ரவரி 3

என் பூச்சிக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

உன் பெரியப்பா மகன் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். தோளில் ஒரு பட்டை கூடியிருக்கிறதாம். உன் அத்தை மகள் பல் டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சையும் தேறிவிட்டாள். அவள் கையில் முதலில் அகப்பட்டவர் அவளுடைய அப்பாவேதான். சொந்த அம்மாவின் சாவுக்கே அழாத மனுஷன், ஒரு கடைவாய்ப் பல்லுக்குக் கண்ணீர் விட்டாராம். அவள் தம்பி, படிப்பு ஏறாது என்று வாத்தியார்களெல்லாம் கைகழுவிய பயல், நீச்சலில் தங்க மெடல் வாங்கியிருக்கிறான். உன் சொந்தத் தம்பி கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்துவிட்டான். மூன்றாம் தடவைதான், ஆனால் லைசென்ஸில் அதையெல்லாம் போடமாட்டார்களாம்.

உன்னைக் கடைசிக்கு வைத்தேன். உன் கட்டுரை போட்ட பத்திரிகை வந்துவிட்டது. நடுப்பக்கத்தில் உன் பேர், பேருக்குக் கீழே உன் படம். படம்தான் சரியில்லை. நம் சபைக் கூடத்துச் சுவரில் 'மேல்படிப்பு படித்த நம் பிள்ளைகள்' என்ற வரிசையில் மாட்டியிருக்கிறதே, அதே பழைய படம். உன் அப்பன்தான் அதை அனுப்பினானாம். அதில் நீ கடையில் எதையோ எடுத்துப் பிடிபட்டவள் மாதிரி முழிக்கிறாய்.

எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப் பொடியாக இருந்தது. என் கண்ணாடிக்கு அகப்படவில்லை. ஆனால் 'ஜெப ஆலயம்', 'சுவிசேஷம்' என்ற வார்த்தைகள் பெரிதாக இருந்த இடங்களில் தெரிந்தன. அது போதாதா? வேதத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். உடனே ஜெராக்ஸ் கடைக்குப் போய், சபையில் ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணி நகல் எடுத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒருவர் விடாமல் கொடுத்தேன். போதகர் வாங்கிக்கொண்டு, "சந்தோஷம்மா, உங்க வாசிப்பு பேத்திக்கும் வந்திருக்கு" என்றார். செயலாளர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். ஆனால் ஞாயிறுதோறும் மைக் முன்னால் நின்று நான் அன்றைய வேதப் பாடம் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான். பட்டம் வாங்கினவர்கள் வாசித்தால் முதல் பெஞ்சும் தூங்கும். அப்படிப்பட்ட கிழவியின் பேத்தி நீ.

போனில் கூப்பிடாதே, உன் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. கடிதம் எழுது. என்ன எழுதியிருக்கிறாய் என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்குப் புரிகிற மாதிரி நாலு வரி சொல்லிக் கொடு.

உன் பாட்டி

பிப்ரவரி 14

அன்புள்ள பாட்டி,

உங்கள் கடிதத்தைச் சலவைக் கடை மாடியில், என் அறையில், திருத்தாத விடைத்தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். கீழே இஸ்திரிப் பெட்டியின் ஆவி தரை வழியாக ஏறுகிறது. தம்பியின் லைசென்ஸ் வரைக்கும் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

குடும்பத்துக்கு ஒன்றா, பாட்டி? படிக்காமலேயா?

சரி, கொடுத்தாகிவிட்டது. கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு வந்திருக்கிறேன், ஆகவே சோர்வாகத்தான் இருக்கும்.

ஜெப ஆலயம் என்பது யூதர்கள் ஓய்வுநாளில் கூடி வேதத்தை வாசித்துக் கேட்கும் இடம். பலியிடும் பெரிய ஆலயம் வேறு. இயேசு ஜெப ஆலயத்துக்குப் போனார், எழுந்து நின்று வாசித்தார், உட்கார்ந்து போதித்தார், அங்கே தலைவர் என்று ஒருவர் இருந்தார் என்றெல்லாம் சுவிசேஷங்கள் சொல்கின்றன. அதையெல்லாம் எவ்வளவு நம்பலாம் என்பதுதான் என் கட்டுரை. நிறையவே நம்பலாம் என்றுதான் முதல் பாதி முழுக்க எழுதியிருக்கிறேன். அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஜெப ஆலயத் தலைவரைப் பற்றிப் பேசுகிறது, வேதத்தை வாசிக்கத்தான் கட்டினோம் என்கிறது. சுவரோரம் கல் பெஞ்சு போட்ட கூடங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இயேசு வளர்ந்த சிற்றூரில் மட்டும் அப்படிக் கட்டடம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்காததால் கூட்டமே இல்லை என்று ஆகாது. யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் கூடியிருக்கலாம்.

வம்பு இரண்டாம் பாதியில்தான். நாலாம் சுவிசேஷத்தில், பிறவிக் குருடனுக்குப் பார்வை வந்த கதை உங்களுக்கு மனப்பாடம். பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அவர்கள் பயந்துபோய், இவன் எங்கள் பிள்ளைதான், மற்றதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, அவனுக்கு வயதாகிவிட்டது, அவனையே கேளுங்கள் என்று நழுவுகிறார்கள். இயேசுவை ஒப்புக்கொண்டவர்களை ஜெப ஆலயத்துக்கு வெளியே தள்ளுவதென்று ஏற்கெனவே கட்டுப்பாடு செய்திருந்தார்கள், அதனால்தான் பயம் என்று அங்கே காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு இயேசு வாழ்ந்த நாட்களில் வேறு எந்தச் சாட்சியும் இல்லை. இந்தச் சுவிசேஷம் எழுதப்பட்டது ஏறக்குறைய இரண்டு தலைமுறை கழித்து. எழுதினவருடைய காலத்தில், அவருடைய ஊரில் நடந்த பிரிவின் வலியை அவர் முந்தின காலத்தின்மேல் ஏற்றி எழுதியிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை என்கிறவர்களும் உண்டு. நான் முதலில் சொன்னவர்கள் பக்கம் நின்றேன்.

ஏன் நின்றேன் என்றால், அன்றைக்குத் தள்ளினவரும் யூதர், தள்ளப்பட்டவரும் யூதர். ஒரு வீட்டுச் சண்டை. பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் அதை 'அவர்கள் நமக்குச் செய்தது' என்று வாசித்து, அந்த 'அவர்களை' ஊர் ஊராகத் துரத்தினார்கள். அதைத்தான் எழுதினேன். வேதம் பொய் என்று எங்கும் எழுதவில்லை.

இதை நாலு வரியில் சொல்ல எனக்கே தெரியவில்லை. கேட்டால், அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அப்பா எப்படி இருக்கிறார்? கட்டுரை வந்ததிலிருந்து அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

பூச்சி

மார்ச் 2

பூச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைப்பதற்குள் இங்கே வேறு காரியம் நடந்துவிட்டது.

போன வாரம் உன் அப்பனையும் என்னையும் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள். சர்ச்சுக்குப் பின்னால், மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அந்த அறைதான். டேபிள் ஃபேன் ஒரு பக்கம் திரும்பும்போது 'டக்' என்று சத்தம் போடும். நான் கொடுத்த நகல் ஒன்று மேஜையில் இருந்தது, பாதிக்கு மேல் சிவப்புக் கோடு.

"இதை யாரும்மா சபையில கொடுத்தது?" என்று செயலாளர் கேட்டார்.

"நான்தான். வாசல்ல நின்னு உங்க கையிலயே குடுத்தேனே."

போதகர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. உன் அப்பனைப் பார்த்து, "தம்பி, உங்க பொண்ணு என்ன சொல்ல வரா? சுவிசேஷம் எழுதினவர் இல்லாததை எழுதிட்டாரா?" என்றார்.

உன் அப்பன் சபைக்கு மைக் போடுகிறவன். கல்யாணம், கூட்டம் என்று அவனுக்கு வருகிற வேலையில் பாதி இந்தச் சபையால் வருவது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கு வயசாச்சு சார். அவளையே கேளுங்க" என்றான்.

அது எங்கே இருக்கிற வார்த்தை என்று அவனுக்குத் தெரியவில்லை. சர்ச்சில் இருக்கும்போதெல்லாம் அவன் காது மைக் பெட்டியில்தான் இருக்கும், வசனத்தில் இருக்காது. எனக்குத் தெரிந்தது. அந்த அதிகாரத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன். வாசிக்கும்போதெல்லாம், என்ன ஜென்மங்கள் இவர்கள், பெற்ற பிள்ளையை இப்படிக் கைவிடுகிறார்களே என்று நினைப்பேன்.

அப்புறம் என்னிடம் கேட்டார்கள். ஏதோ சொன்னேன். டீ கொடுத்தார்கள், ஆறிப்போயிருந்தது.

முடிவு இதுதான். ஏப்ரல் முதல் ஞாயிறு நான் பாடம் வாசிக்க வேண்டிய முறை. வாசிப்பதற்கு முன்னால், 'எங்கள் பேத்தி எழுதியது தவறு, எங்கள் குடும்பத்துக்கு அதில் உடன்பாடில்லை' என்று இரண்டு வரி சபையாரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. செயலாளர் மரியாதைக்காரர். "இதையெல்லாம் மினிட்ஸ் நோட்டுல எழுத வேண்டாம், நம்ம வீட்டு விஷயம்" என்று பேனாவை மூடிவிட்டார்.

உன் தம்பி காரைப் பின்பக்கமாக எடுத்துக் கேட்டில் இடித்துவிட்டான். கேட்டுக்குத்தான் அடி.

பாட்டி

மார்ச் 11

பாட்டி,

'ஏதோ சொன்னேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். அவர் பேசியதே எனக்குப் பெரிது. பேசிய முதல் விஷயம் இது என்பதுதான் பாரம்.

"நான் அஞ்சாம் கிளாஸ் படிச்சவ, எனக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது. புள்ள ஏதோ எழுதிடுச்சு, மன்னிச்சிடுங்க" என்றீர்களாம். அடுத்த நாளே பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நகல்களைத் திருப்பிக் கேட்டீர்களாம்.

அஞ்சாம் கிளாஸை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தவர் நீங்கள். அதை முக்காடாகப் போட்டுக்கொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டித் தடுமாறியபோது, "வாசிக்கிறவ முழுங்கக் கூடாதுடி, வார்த்தையைத் துப்பு" என்று முதுகில் ஒன்று வைத்தீர்களே. அந்தக் கை எங்கே போனது?

எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். இங்கே என்னை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலையில் வைத்திருக்கிறார்கள். நான் படிப்பதோ வேதம், ஆகவே சக ஆசிரியர்கள் என்னைப் பக்திக்காரி என்கிறார்கள். நம் சபையில் என்னை நாத்திகம் பிடித்தவள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் ஆகிவிட்டேன். ஒரு பக்கமாவது நீங்கள் இருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

விடைத்தாள்கள் காத்திருக்கின்றன.

பூச்சி

மார்ச் 19

பூச்சிக்கு,

அடித்துவிட்டாய். சரி, நானும் கொஞ்சம் சொல்கிறேன், கேள்.

நீ ஒரு மாடியறையில் இருக்கிறாய். கீழே இறங்கினால் யாருக்கும் நீ யார் என்று தெரியாது. நான் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால் எதிர்வீடு சபை, பக்கத்து வீடு சபை, பால் கொடுக்கிறவளும் சபை. உன் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாற்றி மாற்றிக் காவல் இருந்தது யார்? பேனாவை மூடிய இதே செயலாளர்தான். சவப்பெட்டியின் முன்பக்கத்தை அவர் தோளில் வைத்துத் தூக்கினார், குட்டையான மனுஷன், கால் தடுமாறத் தடுமாறத் தூக்கினார். அவருக்கு முன்னால் உட்கார்ந்து நான் என்ன பேசுவது? ஆராய்ச்சி பேசுவதா? கீழே விழுந்தால் என்னைத் தூக்க ஆள் வேண்டும். நான் போகும்போது எடுத்துப்போக நாலு தோள் வேண்டும். இந்த வயசில் புதுச் சபை தேடிப் போக என் முட்டிக்குச் சக்தி இல்லை.

ஆமாம், அஞ்சாம் கிளாஸ் என்று சொல்லி ஒளிந்துகொண்டேன். உன் அப்பன் தரையைப் பார்த்தான், நான் ஃபேனைப் பார்த்தேன்.

நகல் கேட்டுப் போன கதையையும் சொல்கிறேன். ஒரு வீட்டில் குழந்தைக்குப் பால் பாட்டில் வைக்க அடியில் விரித்திருந்தார்கள். ஒரு வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள் அதன்மேல். இரண்டு பேர் தொடக்கூடாததைத் தொடுகிற மாதிரி முனையைப் பிடித்துத் தந்தார்கள். தையல்காரி மட்டும், "இன்னும் முடிக்கலம்மா, அடுத்த வாரம் தர்றேன்" என்றாள். அவளைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கோடு போட்டவரும் கோடு போட்ட இடத்தை மட்டும்தான் படித்திருப்பார்.

திரும்பி வந்த கட்டு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் ஒன்றை உருவி, உன் தம்பியின் பூதக்கண்ணாடியை வைத்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பத்திதான் முடிகிறது. கண்ணில் நீர் வந்துவிடுகிறது. பொடி எழுத்தால் வருகிற நீர், வேறு நினைத்துக்கொள்ளாதே.

அந்த ஞாயிறு நான் சொல்லத்தான் போகிறேன். இரண்டு வரிதானே. சொல்லிவிட்டுப் பாடத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நீ அங்கேயிருந்து கோபித்துக்கொள். கோபம் ஆறும். சபை போனால் வராது.

பாட்டி

மார்ச் 29

அன்புள்ள பாட்டி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெட்டியைத் தூக்கிய தோளை நான் மறந்துவிட்டேன். அன்று நான் பரீட்சை என்று வரவில்லை என்பதும் நினைவு வந்தது.

சொல்லிவிடுங்கள் பாட்டி. இரண்டு வரியையும் நன்றாக, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுங்கள். என் தலையில் எதுவும் விழாது. அந்தப் பிறவிக் குருடனின் பெற்றோரைக் கட்டுரையில் 'கோழைகள்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். அவர்களுக்கும் ஒரு தெரு இருந்திருக்கும். பால் கொடுக்கிற ஒருத்தி இருந்திருப்பாள். அதை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 'வேறு சாட்சி இல்லை' என்று எழுதிய கையோடு, 'ஆகவே அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று அடுத்த வரியை எழுதிவிட்டேன். முதல் வரி சரி. அடுத்தது அதிகப்படி. செயலாளர் பேனாவை மூடியதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். நாளைக்கு ஒருவர் வந்து நம் சபையின் மினிட்ஸைப் புரட்டினால், அந்த மாலை யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை என்றுதான் எழுதுவார். இதை நான் ஆதாரமாகக் காட்ட முடியாது. என் மாணவர்களில் யாராவது இப்படி எழுதினால் நானே கோடு போட்டு அடித்துவிடுவேன். நம் ஊர் கமிட்டியை வைத்து அந்தக் காலத்துக் கமிட்டியை நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பொதுவான ஒரு கட்டுப்பாடு ஊர் ஊராக இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை என்று இன்னமும் சொல்வேன். ஒரு தெருவில், ஒரு அறையில், எழுதி வைக்கப்படாத ஒன்று நடந்திருக்காது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். மற்றதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

அப்பாவிடம் கோபம் இல்லையென்று சொல்லுங்கள். எனக்கு நிஜமாகவே வயதாகிவிட்டது, அவர் சொன்னதில் தப்பில்லை.

உங்கள் கண்ணுக்குப் பெரிய எழுத்தில் அடித்து ஒரு பிரதி அனுப்பட்டுமா?

பூச்சி

ஏப்ரல் 14

என் பூச்சிக்கு,

கப்பல்காரன் அடுத்த மாதம் வருகிறான். பல் டாக்டர் சொந்தமாக நாற்காலி வாங்கிவிட்டாள். நீச்சல்காரன் மறுபடி பரீட்சையில் தவறிவிட்டான், ஆனால் மிதக்கிறவனை யார் மூழ்கடிப்பது? உன் தம்பி கேட்டை அவனே சரிபண்ணிப் பெயிண்ட் அடித்தான். அழகாக இல்லை, ஆனால் கதவு சாத்துகிறது.

உன் கடிதம் திங்கள்கிழமைதான் வந்தது. அதற்கு முந்தின நாளே ஞாயிறு முடிந்துவிட்டது.

சொல்லலாம் என்றுதான் போனேன், பொய் சொல்லவில்லை. இரண்டு வரியையும் வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன். அன்றைக்கு வந்த பாடம் வெறும் பேர் வரிசை. இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று ஒரு முழ நீளம். யாருமே வாசிக்க விரும்பாத பாடம். மைக் முன்னால் நின்றேன். போதகர் தலையை ஆட்டினார். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி. அவருக்கும் அது சங்கடம்தான் போல.

நான் வாயைத் திறந்தேன். 'எங்கள் பேத்தி' என்பது வரைக்கும் வந்தது. அடுத்த வார்த்தை 'எழுதியது'. அதற்கடுத்தது 'தவறு'. உன் கட்டுரையில் அதுவரை பாதிதான் முடித்திருந்தேன். பாதி படித்ததை எப்படித் தவறு என்பது? வாசிக்காமல் நகல் எடுத்துக் கொடுத்து ஒரு முறை மாட்டிக்கொண்டேன். வாசிக்காமலே மறுத்து இரண்டாம் முறை மாட்டிக்கொள்ள வேண்டுமா?

"அவ எங்க பேத்தி" என்றேன். "அவ எழுதினதை நான் இன்னும் முழுசா வாசிக்கல. வாசிச்சிட்டு வந்து சொல்றேன். இப்ப இன்னைக்குப் பாடம்."

யாரோ பின்னால் இருமினார்கள். செயலாளர் கண்ணைத் திறந்து மைக் பெட்டிப் பக்கம் ஜாடை காட்டினார். உன் அப்பனின் கை பெட்டியின் திருகுமேல்தான் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு திருகு திருகினால் என் குரல் முதல் பெஞ்சோடு நின்றிருக்கும். அவன் தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். சத்தம் குறையவில்லை.

பேர்களையெல்லாம் வாசித்தேன். வாயில் நுழையாத பேர்கள். ஒன்றையும் முழுங்கவில்லை.

அடுத்த ஞாயிறு செயலாளரின் மருமகள் வாசிக்க எழுந்தாள். முறைப்படி அன்றைக்கு என் எதிர்வீட்டுக்காரி வாசிக்க வேண்டும். அவளையும் தாண்டிப் போய்விட்டார்கள், என்னை மட்டும் தாண்டினது தெரியக் கூடாதே என்று. இனி முறையே கிடையாதாம். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வெளியே போ என்று யார் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். பாட்டுப் பாடும்போது தையல்காரி வந்து அதில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கட்டுரையை முடித்துவிட்டேன். வலியை முந்தின காலத்தின்மேல் ஏற்றி எழுதியிருக்கலாம் என்று எழுதினாயே, அது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. சுவிசேஷம் எழுதினவர் அப்படிச் செய்வாரா என்று கோபம் வந்தது. நேற்று உன் அத்தை வந்தாள். என்னம்மா நடந்தது என்று கேட்டாள். நான் சொன்னேன், "சபையிலேர்ந்து வெளிய தள்ளிட்டாங்கடி." என் வாயால் நானே சொன்னேன். யாரும் தள்ளவில்லை என்று இந்தக் கடிதத்தில் இதற்கு முந்தின பத்தியில் உனக்கு எழுதியிருக்கிறேன், பார். ஆனால் சொல்லும்போது அப்படித்தான் வந்தது. பொய் சொல்லவும் இல்லை. எனக்கு அது தள்ளினதுதான். அவள் போய் அவள் மகளிடம் சொல்லும்போது, 'பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார்கள்' என்று ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை எழுதத் தெரிந்த பிள்ளை.

அதனால் எழுதினவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, உன்மேலும் இல்லை. கொஞ்சம் அசதியாக மட்டும் இருக்கிறது. செயலாளர் நேற்று கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். பையை வாங்கித் தெருமுனை வரை தூக்கி வந்தார். அவரை என்ன செய்வது? தோள் நல்ல தோள்.

உன் அப்பனுக்கு இரண்டு கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. மைக்குகளைத் துடைத்துத் துடைத்து வைக்கிறான். உன் வார்த்தையைச் சொன்னேன். கையிலிருந்த மைக்கை வைத்துவிட்டு, "அவளுக்கு என்ன பெரிய வயசு" என்றான்.

கடைசியாக ஒரு சமாசாரம். கூடத்துச் சுவரில் அந்த வரிசையில் உன் படத்தைக் காணோம். யார் எடுத்தது என்று கேட்டால், தூசு தட்ட எடுத்தோம் என்கிறார்கள். எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. போனால் போகிறது, அது திருட்டு முழி முழிக்கிற படம். ஆனால் ஆணியைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. ஏணி பிடிக்கிறேன் என்று உன் அப்பன் சொல்லியிருக்கிறான்.

தலையை ஒழுங்காக வாரி, நேராகப் பார்த்து, ஒரு புதுப் போட்டோ எடுத்து அனுப்பு.

பாட்டி